லம்பக் குட்டையில் மரக்குவியல்: பீக்கோக் பாஸுக்காக ஒரு தோட்டப்புற ஊர் எடுத்த முயற்சி

பின்னணி

இந்நிகழ்வு மலேசியாவின் பேராக் மாநிலம், பத்தாங் பாடாங் மாவட்டத்தில் ஒரு தோட்டப்புறச் சிறுநகரில் நடந்தது. சம்பந்தப்பட்டவர்கள் கேட்டுக்கொண்டபடி ஊர்ப்பெயரும் ஆட்பெயர்களும் விடப்பட்டுள்ளன. இரண்டு வரிசைக் கடைகள், ஒரு தமிழ்ப்பள்ளி, ஒரு மாரியம்மன் கோயில், சுற்றிலும் செம்பனை, ஓரிடத்தில் மட்டும் மிச்சமிருக்கும் ரப்பர். கோயிலுக்குப் பின்புறம் கொஞ்ச தூரம் நடந்தால் லம்பக் குட்டைகள், அதாவது கைவிடப்பட்ட ஈயச் (வெள்ளீயச்) சுரங்கப் பள்ளங்களில் நீர் தேங்கிய குட்டைகள்.

1985 அக்டோபரில், ஈய விலையைத் தாங்கிப் பிடித்துவந்த அனைத்துலக ஈய மன்றம் பணமில்லாமல் கைவிரித்தபோது ஈய விலை சரிந்தது. கிந்தா பள்ளத்தாக்கிலும் அதற்குத் தெற்கேயும் லம்பங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டன. தோண்டிய பள்ளங்களில் மழை நீர் தேங்கியது. இங்கே சொல்லப்படும் குட்டை, தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்து, பம்ப் வைத்து மேலே ஏற்றி ஈயம் பிரித்த வகை லம்பத்தின் மிச்சம். அப்படிப்பட்ட குட்டைகளுக்குக் கரை செங்குத்தாக இருக்கும், அடித்தரை மணலும் களியுமாக வெறிச்சென்று கிடக்கும். ஆற்றிலோ இயற்கை ஏரியிலோ விழுந்து கிடக்கும் மரம், வேர், பாறை எதுவும் இங்கே இல்லை. மீனுக்கு ஒதுங்க இடமில்லாத தண்ணீர் என்பதுதான் இந்தக் கதையின் தொடக்கம்.

குட்டையில் இருந்த மீன்கள்: கெண்டைக் குடும்பத்து லம்பாம், செபாராவ், விரால் வகையான தோமான், ஹருவான், திலாப்பியா, இவற்றோடு பீக்கோக் பாஸ். பீக்கோக் பாஸின் சொந்த ஊர் தென்னமெரிக்காவின் அமேசான், ஓரினோகோ படுகைகள். அமெரிக்கர்கள் பாஸ் என்று சொல்லும் பெருவாய் பாஸுக்கும் இதற்கும் குடும்ப உறவு கிடையாது. இது திலாப்பியாவின் குடும்பத்தைச் சேர்ந்தது. வால் அடியில் கண் போன்ற புள்ளி, லூரை (செயற்கை இரையை) அடிக்கும் வேகம், இழுக்கும் பலம் ஆகியவற்றுக்காகத் தூண்டில்காரர்கள் இதைத் தேடி வருகிறார்கள். நம் குட்டைகளுக்கு இது அலங்கார மீன் வணிகத்தின் வழியாகவும், தூண்டில்காரர்கள் கைகளாலும் வந்து சேர்ந்தது.

யார், என்ன வேண்டும் என்றார்கள்

ஊரில் தூண்டில் போடும் இளைஞர்கள் ஒரு குழுவாக இருந்தார்கள். பெரும்பாலோர் தாப்பாவிலும் ஈப்போவிலும் வேலை பார்த்து வாரக் கடைசியில் வீடு திரும்புகிறவர்கள். குட்டையில் மீன் இருக்கிறது, ஆனால் எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியவில்லை என்பது அவர்கள் குறை. பெருவாய் பாஸுக்காக அமெரிக்காவில் ஏரிகளில் பழைய கிறிஸ்துமஸ் மரங்களைக் கல் கட்டி இறக்குவதை அவர்கள் வீடியோவில் பார்த்திருந்தார்கள். அதையே இங்கும் செய்ய நினைத்தார்கள். மீன் வளர்ப்பில் வேலை பார்த்தவன் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள்.

குழுவோடு ஒரு பெரியவரும் சேர்ந்துகொண்டார். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிப் பின்னர் தண்டலாக (வேலையாட்களின் மேற்பார்வையாளராக) இருந்து ஓய்வு பெற்றவர். லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) பக்கத்துக் குட்டையில் மரக்கிளை போட்டு வைத்து, சில நாள் கழித்து அதைச் சுற்றித் தூண்டில் போடுவது அவர் சிறுவயதுப் பழக்கம். இலங்கையின் நீர்கொழும்புக் களப்பில் கண்டல் (அலையாத்தி மரக்) கிளைகளைக் குவித்து மீன் சேர்ப்பதும் இதே உத்திதான். பெரியவர் அதைக் கேள்விப்பட்டதில்லை. தேவை ஒன்றாக இருந்தால் வழியும் ஒன்றாகத்தான் அமையும் போலும்.

முதலில் பார்த்தவை

எதையும் தண்ணீரில் போடுவதற்கு முன் குட்டையை அளப்பது என்று முடிவானது. கருவி வாங்கப் பணமில்லை. ஒரு நைலான் கயிற்றில் அரை மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் பழைய இரும்புக் கட்டையைக் கட்டினோம். கடன் வாங்கிய சம்பானில் (சிறு படகில்) குறுக்கும் நெடுக்கும் போய் ஆழத்தைக் குறித்தோம். தெற்குக் கரையில் மட்டும், லம்பக்காரர்கள் மணலைக் கொட்டிய பக்கம், தரை மெல்லச் சரிந்து ஒன்றிலிருந்து மூன்று மீட்டர் வரை ஒரு மேடை போல நீண்டிருந்தது. மற்ற மூன்று பக்கமும் கரையிலிருந்து ஓர் எட்டு வைத்தால் ஆளை விழுங்கும் ஆழம். நடுவில் கயிறு ஒன்பது மீட்டர் இறங்கியது.

தெளிவை அளக்க வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்றைக் கட்டி இறக்கினோம். ஒரு மீட்டர் தாண்டியதும் தட்டு மறைந்தது. பீக்கோக் பாஸ் பகலில் கண்ணால் பார்த்து வேட்டையாடுகிற மீன். இத்தனை கலங்கலில் அது ஆழத்துக்குப் போய் இரை தேடும் என்று எதிர்பார்க்க நியாயமில்லை.

முடிவைத் தீர்மானித்தது போத்தல் சோதனை. கண்ணாடிப் போத்தலுக்குக் கல்லைக் கட்டி, வாயைத் தக்கையால் அடைத்து, தக்கைக்குத் தனிக் கயிறு கட்டிக் கீழே இறக்க வேண்டும். வேண்டிய ஆழத்தில் தக்கைக் கயிற்றைச் சுண்டினால் அந்த ஆழத்துத் தண்ணீர் போத்தலில் நிறையும். இரண்டு மீட்டர் தண்ணீரில் வாடை எதுவும் இல்லை. நான்கில் லேசான சேற்று வாடை. ஆறு மீட்டரிலிருந்து வந்த போத்தலைத் திறந்ததும் சம்பானில் இருந்த எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அழுகிய முட்டை நாற்றம். அது ஹைட்ரஜன் சல்பைடு, அந்த ஆழத்தில் உயிர்வாயு இல்லை என்பதற்கான அடையாளம். வெப்பமானியை அந்தத் தண்ணீரில் வைத்துப் பார்த்தபோது மேல்தண்ணீரைவிட இரண்டு பாகைதான் குறைவாக இருந்தது.

இரண்டு பாகை வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆனால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு பாகை மாறினால் அடர்த்தி மாறும் அளவு, குளிர்ந்த தண்ணீரில் மாறுவதைவிடப் பெரியது. அதனால் நம் பக்கத்துக் குட்டைகளில் மேல்தண்ணீரும் அடித்தண்ணீரும் இந்தச் சின்ன வித்தியாசத்திலேயே கலக்காமல் பிரிந்து நிற்கின்றன. 30 பாகைத் தண்ணீர் நிறைவு நிலையில் லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் உயிர்வாயுவைத்தான் தாங்கும். 10 பாகைத் தண்ணீரோ 11க்கு மேல் தாங்கும். நம் தண்ணீரில் கையிருப்பே குறைவு, அடியில் மக்குவதும் வேகம்.

இளைஞர்களில் ஒருவர் அப்போதும் விடவில்லை. "அண்ணே, வீடியோவுல இருபத்தஞ்சு அடியில போடுறாங்க, பெரிய மீனெல்லாம் அங்கதான் கிடக்குது."

பெரியவர்தான் பதில் சொன்னார். "தம்பி, அந்தப் போத்தலை நீயும் மோந்து பாத்தல்ல? அங்க எந்த மீனுய்யா குடியிருக்கும்?"

அதற்கு மேல் வாதம் நடக்கவில்லை.

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணங்கள்

இடமாகத் தெற்கு மேடையின் வெளி விளிம்பைத் தேர்ந்தோம். அங்கே தண்ணீர் இரண்டரை மீட்டர், அதைத் தாண்டியதும் தரை சட்டென்று இறங்குகிறது. குவியலின் உச்சி தண்ணீர் மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழே இருக்கும்படி உயரம் வைக்க வேண்டும் என்று கறாராகச் சொன்னேன். காரணம் மீன் அல்ல, பிள்ளைகள். லம்பக் குட்டைகளில் சிறுவர்கள் மூழ்கிச் சாவது இந்நாட்டில் புதிய செய்தி இல்லை. நீரில் மறைந்த கிளையில் கால் சிக்கினால் நீச்சல் தெரிந்தவனும் மீள முடியாது. பிள்ளைகள் குளிக்க இறங்கும் கோயில் பக்கக் கரையிலிருந்து எல்லாக் குவியல்களும் தள்ளி இருக்க வேண்டும் என்பதில் குழு ஒரே மனதாக இருந்தது.

எதைப் போடுவது என்பதில்தான் அதிக நேரம் போயிற்று. பட்டறைக்காரர் ஒருவர் பழைய டயர்களை இலவசமாகத் தர முன்வந்தார். ஏற்றிவிடும் கூலியும் தானே தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். 1970களில் ஃபுளோரிடாக் கடற்கரைக்கு அப்பால் ஏறத்தாழ இருபது லட்சம் டயர்களை மீன்களுக்காக இறக்கினார்கள். கட்டு அறுந்து அவை உருண்டு பக்கத்துப் பவளப்பாறைகளை இடித்தன. இன்றுவரை பொறுக்கி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். குட்டையில் அலை இல்லை என்று பட்டறைக்காரர் வாதிட்டார். அலை இல்லாதது உண்மைதான். ஆனால் ஒரு நாள் எடுக்க வேண்டும் என்றால் யார் எடுப்பது என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை.

செம்பனை மட்டை எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும். ஆனால் பச்சை மட்டையும் இலையும் தண்ணீரில் மக்கும்போது இருக்கிற உயிர்வாயுவையும் தின்றுவிடும். காய்ந்த மட்டையோ சீக்கிரம் நைந்து போகும். எனவே மறுநடவுக்காக வெட்டிச் சாய்த்த ரப்பர் மரங்களின் கிளைகளைக் கேட்டு வாங்குவது என்று முடிவானது. தோட்ட நிர்வாகி மறுக்கவில்லை. அடிமரம் ஆலைக்குப் போய்விடும், கிளை அங்கேயே கிடந்து மக்குவதுதான் வழக்கம். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம் என்பதால் வெளியில் கிடந்தால் பூஞ்சையும் வண்டும் விரைவில் அழித்துவிடும். தண்ணீருக்குள் முழுக மூழ்கியிருந்தால் அந்த வேகம் குறையும். இலை முழுவதும் உதிரும்வரை கிளைகளை வெயிலில் போட்டு வைத்தோம். மூங்கிலும் கொஞ்சம் சேர்த்தோம். கணுக்களுக்கு இடையே துளையிட்டால்தான் மூங்கில் மூழ்கும். இல்லையென்றால் உள்ளே அடைபட்ட காற்று குவியலையே தூக்கிவிடும்.

குவியலின் அமைப்பில் ஒரு சிக்கல் இருந்தது. பீக்கோக் பாஸ் முட்டையிடுவது ஆழமில்லாத தண்ணீரில், தட்டையான கெட்டிப் பரப்பில். விழுந்த கட்டை, கல், பலகை எதுவானாலும் அதற்குப் போதும். ஆணும் பெண்ணும் சேர்ந்து முட்டையையும் குஞ்சையும் காவல் காக்கும். இது அந்நிய மீன். பனாமாவின் காத்துன் ஏரியில் இது 1960களின் பிற்பகுதியில் புகுந்த பிறகு உள்ளூர் மீன்களில் பல அங்கிருந்து மறைந்தன என்று 1973இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. எங்கள் குட்டையில் அது ஏற்கெனவே இருக்கிறது, அதை ஒழிக்க நம்மால் ஆகாது. இருந்தாலும் அது பெருக நாமே தொட்டில் கட்டிக் கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே பலகையும் கல்லும் சேர்க்கவில்லை, ஒரு மீட்டருக்கும் குறைந்த தண்ணீரில் எதையும் வைக்கவில்லை. கிளைகள் விரலளவிலிருந்து மணிக்கட்டளவுக்குள் இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். நெருக்கமான கிளைகளுக்குள் லம்பாம் குஞ்சும் ராலும் ஒதுங்கலாம், பெரிய மீன் வெளியே நின்று காத்திருக்கும்.

குட்டை மாநில அரசு நிலத்தில் இருப்பது தெரியவந்ததால், ஊர்த்தலைவர் மூலம் மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்து, வாய்மொழியாக ஒப்புதல் பெற்றார்கள்.

இறக்கிய பிறகு

ஆறு குவியல்கள் இறக்கப்பட்டன. கிளைக் கட்டுகளைத் தென்னங்கயிற்றால் இறுக்கி, சிமெண்ட் ஊற்றிய பழைய எண்ணெய் டின்களை எடையாகக் கட்டினோம். இடம் தெரிய வெள்ளைப் பிளாஸ்டிக் போத்தல்களை மிதவையாக விட்டார்கள்.

முதல் சில வாரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு கிளையை மேலே தூக்கிப் பார்த்தபோது பட்டை முழுவதும் வழுவழுப்பான பச்சைப் படலம். அதை நகத்தால் சுரண்டி வெள்ளைத் தட்டில் தட்டியதும் துள்ளி ஓடிய சின்னப் பூச்சிப் புழுக்களும், கண்ணாடி போன்ற குட்டி ரால்களும் தெரிந்தன. அந்தத் தட்டைச் சுற்றி அன்றைக்கு அந்த இளைஞர்கள் குனிந்து நின்ற விதம் எனக்கு மிகவும் பிடித்தது. அதுவரை அவர்கள் குட்டையில் பார்த்தது ஒரே ஒரு மீனைத்தான்.

அதற்குப் பிறகு லம்பாம் கூட்டம் வந்தது, அதன் பின்னே பீக்கோக் பாஸும் செபாராவும். காலை வெயில் ஏறும் நேரத்தில் குவியலின் ஆழப்பக்க விளிம்பில் லூரை இழுத்தால் அடி விழுந்தது. முன்பு நாள் முழுக்கக் கரையைச் சுற்றியவர்கள் இப்போது ஒரே இடத்தில் நின்று பிடித்தார்கள். குழு மகிழ்ந்தது. இங்கேதான் கவனிக்க வேண்டியதை நான் எழுத்திலேயே கொடுத்தேன்: குட்டையில் மீன் கூடிவிட்டது என்பதற்கு இதுவரை ஆதாரம் இல்லை, சிதறிக் கிடந்த மீன் ஓரிடத்தில் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். சேர்ந்த மீனைச் சேர்ந்த வேகத்தில் எடுத்துவிடவும் முடியும்.

அது அப்படியே நடந்தது. படங்கள் பரவின. வெளியூர் வண்டிகள் வந்தன. வார நாட்களில், யாரும் இல்லாத நேரத்தில், யாரோ மிதவைகளை அடையாளமாக வைத்து வலை போட்டார்கள். வலை கிளைகளில் சிக்கியிருக்கிறது, போட்டவர்கள் எடுக்க முடியாமல் அறுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். குழு அதைக் கண்டுபிடித்தது நாற்றத்தால். நான்கு முனைக் கொக்கியைக் கயிற்றில் கட்டிச் சம்பானிலிருந்து இழுத்தபோது ஒரு கட்டுக் கிளையோடு சேர்ந்தே வலை வந்தது. அதில் அழுகிய லம்பாம்கள், ஒரு பெரிய தோமான், மூச்சுவிட மேலே வர முடியாமல் செத்துப்போன ஒரு லாபி லாபி (மெல்லோட்டு) ஆமை. யாரும் தண்ணீரில் இறங்கி வலையைப் பிரிக்கக் கூடாது என்று முன்பே தடுத்திருந்தேன். ஒருவர் இறங்கத் துணிந்தார், பெரியவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

அன்றே மிதவைகள் எல்லாவற்றையும் அகற்றினோம். இடம் தெரிய, கரையில் இரண்டிரண்டு அடையாளங்களை நேர்கோட்டில் வைத்துப் பார்க்கும் பழைய முறைக்கு மாறினோம். பம்ப் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் மூன்றாவது செம்பனை வரிசையும் ஒரு கோடு, கோயில் கலசமும் மின்கம்பமும் இன்னொரு கோடு. கோடுகள் சந்திக்கும் இடத்தில் குவியல்.

மழைக்குப் பிந்தைய காலை

சில வாரம் கடும் வெயில் அடித்து, அக்டோபர் மாதம் ஓர் இரவு காற்றோடு பெருமழை பெய்தது. விடியற்காலையில் குட்டை ஓரத்தில் மீன் செத்து ஒதுங்கிக் கிடந்தது. உயிரோடிருந்தவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. காலைக் கடையில் பசியாறும்போதே பேச்சு கிளம்பிவிட்டது: பையன்கள் போட்ட கட்டை அழுகித் தண்ணீர் கெட்டுவிட்டது. இன்னொரு சாரார், ஆலையிலிருந்து ஏதோ வந்து கலந்துவிட்டது என்றார்கள்.

குழு அன்று செய்த மிகச் சரியான காரியம், வாதாடுவதற்கு முன் போய்ப் பார்த்தது. மூன்று விஷயங்கள் தெளிவாகத் தெரிந்தன. செத்தவை லம்பாம், பீக்கோக் பாஸ், செபாராவ். தோமானும் ஹருவானும் நன்றாக நீந்தின, அவை காற்றை நேரடியாகச் சுவாசிக்கக் கூடியவை. நஞ்சு கலந்திருந்தால் அவை மட்டும் தப்பியிருக்க வாய்ப்பு குறைவு. அடுத்து, மேல்தண்ணீரிலேயே அந்த அழுகிய முட்டை நாற்றம் இருந்தது, வெப்பமானி மேலும் கீழும் ஏறத்தாழ ஒரே அளவைக் காட்டியது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, மண்வரப்புக்கு அப்பால் இருந்த அடுத்த குட்டையிலும் அதே காலை மீன் செத்திருந்தது. அந்தக் குட்டையில் ஒரு குச்சிகூட யாரும் போட்டதில்லை, ஆலைப் பக்கத்திலிருந்து நீர் வரும் வழியும் அதற்கு இல்லை.

குளிர்ந்த மழைநீரும் காற்றும் மேல்தண்ணீரின் சூட்டைக் குறைத்துவிட்டன, அத்தனை மாதம் அடியில் பிரிந்து கிடந்த உயிர்வாயுவற்ற தண்ணீர் மேலே கலந்துவிட்டது. அதுதான் நடந்தது. முதல் நாள் போத்தல் சோதனையின் குறிப்பு எழுதிய பள்ளிக்கூட நோட்டைப் பெரியவர் கடைக்கு எடுத்துப்போய் மேசையில் விரித்தார். கட்டை போடுவதற்கு முன்னாலேயே அடித்தண்ணீர் அப்படி இருந்தது என்று தேதியோடு அதில் இருந்தது. பேச்சு முற்றிலும் நிற்கவில்லை, ஆனால் குவியல்களைப் பிடுங்கச் சொல்லி வந்த கோரிக்கை அத்தோடு அடங்கியது.

விளைவு

மீன் சாவுக்குப் பிறகு குவியல்களைச் சுற்றி நீண்ட நாள் அமைதி. பிறகு முதலில் லம்பாம் குஞ்சுகள் தெரிந்தன. அவை கிளை நெருக்கத்துக்குள் ஒதுங்கியிருந்தது கண்ணுக்கே தெரிந்தது, இதை இந்த முயற்சியின் உண்மையான பலனாக நான் எடுத்துக்கொள்கிறேன். பீக்கோக் பாஸ் மீண்டும் வந்திருக்கிறது. எண்ணிக்கை கூடியதா குறைந்ததா என்று சொல்லும் அளவுக்குக் கணக்கு எடுக்கப்படவில்லை.

குழு தனக்குள் சில வழக்கங்களை வகுத்துக்கொண்டது. செபாராவைப் பிடித்தால் விட்டுவிடுவது. பீக்கோக் பாஸை வேண்டுமானால் சமைக்க எடுத்துக்கொள்வது, ஆனால் உயிரோடு வேறு குட்டைக்கு ஒருபோதும் கொண்டுபோகாமல் இருப்பது. படம் போட்டால் பின்னணியில் கரை தெரியாமல் எடுப்பது. கடைசி வழக்கத்தைக் காப்பதுதான் கடினமாக இருக்கிறது, பெரிய மீன் கையில் இருக்கும்போது யாருக்கும் பின்னணி நினைவுக்கு வருவதில்லை.

குவியல்களில் இரண்டு சாய்ந்துவிட்டன. தென்னங்கயிறு எதிர்பார்த்ததைவிட முன்னதாக இற்றுப்போனது. நைலான் கயிறு நீடிக்கும் என்றாலும், மரம் மக்கிய பிறகு அது மட்டும் மீனைச் சிக்க வைத்துக்கொண்டு கிடக்கும். அதனால் அதை மறுத்ததில் எனக்கு இப்போதும் மாற்றுக் கருத்து இல்லை.

மறுபடி செய்தால் மாற்ற வேண்டியவை

மிதவை முதல் நாளிலிருந்தே கூடாது. ஒப்புதல் எழுத்தில் இருக்க வேண்டும். மீன் செத்த காலை வாய்மொழி ஒப்புதலை யாரும் நினைவு வைத்திருக்கவில்லை. ஆறு குவியல்களையும் ஒரே மேடையில் வைத்தது வலைக்காரர்களுக்கு வசதியாகிவிட்டது. சிறிய குவியல்களாகப் பிரித்து, அவற்றில் பாதியை யாரும் தூண்டில் போடாத ஒதுக்கிடமாக விட வேண்டும். அது எது என்று குழுவுக்குள்ளும் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

கயிற்றுக்குப் பதிலாக, கிளைகளின் அடிமுனையை நேரடியாகச் சிமெண்டில் நட்டு இறுக்கலாம். அடுத்த மறுநடவு வரிசையை வெட்டும்போது கவைகளோடு கூடிய கிளைகளைத் தனியே ஒதுக்கித் தருவதாகத் தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) சொல்லியிருக்கிறார். குவியல் இறக்குவதற்கு முன்னும் பின்னும் மாதம் ஒருமுறை போத்தல் சோதனை, தட்டு, வெப்பமானி ஆகிய மூன்றையும் செய்து எழுதுவதை இப்போது தமிழ்ப்பள்ளியின் அறிவியல் மன்றம் கரையிலிருந்தே, பம்ப் வீட்டுப் பலகை மேடையில் ஆசிரியர் முன்னிலையில் எடுத்துச் செய்கிறது. நீண்ட வெயிலுக்குப் பிறகு மழை மேகம் கட்டினால், அன்று மாலையே அளவெடுத்துக் குழுவுக்குச் சொல்வதும் அவர்கள் பொறுப்பு.